எத்தனை பூஜ்யம்

முதல் கேள்வியை மதியத்துக்குள் முடித்துவிட்டோம்.
முழங்கைக்கு மேலே போன வலக்கை ஒன்று,
இருபத்திரண்டு அறுவடைகளின் கூலி,
ஆஸ்பத்திரி ரசீதுகள், வலிக்கு ஒரு விலை.
கூட்டினோம், வந்தது.

இரண்டாவது கேள்வி வேறு:
காயத்துக்குக் கொடுத்தாயிற்று,
கொழுப்புக்கு எவ்வளவு?

நீதிபதி தந்த தாளில் அந்தச் சொல் இல்லை.
தண்டிக்க, இனி எவரும் துணியாதிருக்க
என்று இருந்தது.
ஆத்திரத்தில் முடிவெடுக்காதீர்கள் என்றிருந்தது.
ஆளுக்கொரு தொகை எழுதிப்போட்டு
பன்னிரண்டால் வகுக்கவும் கூடாதாம்.
பிறகு எப்படி என்று
புரட்டிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

லாஸ் குரூசஸ், மூன்றாம் மாடி.
மேசைமேல் சான்று முப்பத்தொன்று:
பீக்கான் கொட்டை பொறுக்கும் இயந்திரத்தில்
சுழலும் தண்டின்மேல் இருந்திருக்க வேண்டிய தகர மூடி.
கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.
ரொட்டித் தட்டைவிடக் கனமில்லை.
பக்கத்தில் ஒரு கோப்பு.
மூடி வைக்கச் சொல்லித் தோட்டக்காரர்கள் எழுதிய
ஒன்பது கடிதங்கள்.
ஒவ்வொன்றிலும் 'பார்வையிடப்பட்டது'.
முத்திரை ஒன்றுகூடக் கோணவில்லை.
குத்தியவருக்கு நிதானம் இருந்திருக்கிறது.

லானி க்ரட்சர் தன் தாளில் பூஜ்யம் போட்டார்,
தனியாக, முன்னால் எதுவும் இல்லாமல்.
'எச்சரிக்கைப் படம் ஒட்டியிருந்ததே.
கம்பெனியை ஒடித்தால் முதலில் விழுவது
அங்கே வெல்டிங் செய்கிறவன்.'
யூஃபீமியா பரேலா 'ஐந்து கோடி' என்றார்.
சொன்ன தொகை காதில் விழுந்ததும்
தானே பயந்து சிரித்துவிட்டார்.

டெல்பர்ட் சோசி கால்வாய்க் காவலராக இருந்தவர்.
'ஒருத்தன் வருஷா வருஷம் முறை தவறி மதகைத் திறப்பான்.
இருநூறு டாலர் அபராதம்.
அதை அவன் தண்ணீர் வரி என்பான்.
காசோலையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பான்.'

எனக்கு மாட்டு மருத்துவமனையில் வேலை.
ஊசிக்கு முன் எடை பார்ப்போம்.
கன்றைச் சாய்க்கிற மருந்தில்
காளை தலையைக்கூடத் திருப்பாது;
காளைக்கான மருந்தில் கன்று எழுந்திருக்காது.
அதனால் கம்பெனியின் சொத்துக் கணக்கைக் கேட்டேன்.
படித்தார்கள். பூஜ்யங்களை எண்ணும்போது
விரல் இரண்டு முறை தவறியது.

அன்றைக்கு முடியவில்லை.

மறுநாள் பதினொரு மணிவரை
ஆட்டுச்சந்தை மாதிரி இருந்தது,
ஏறுவதும் இறங்குவதும்.
யார் குரல் உயர்ந்ததோ அவர் பக்கம் பூஜ்யம் சாய்ந்தது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனால் என் குரலும் உயர்ந்தது.

அதுவரை வாயே திறக்காத ஹோர்டென்சியா உலிபாரி
கோப்பை இழுத்து
முதல் கடிதத்தை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தார்.
'எவருக்கும் ஒருமுறை கண் தப்பும்.
இதை விட்டுவிடுவோம்.
மீதி எட்டு.'

கடிதம் ஒன்றுக்கு எட்டு லட்சம்.
ஏன் எட்டு, ஏன் ஏழரை இல்லை
என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.
பத்துப் பேர் போதும்; பத்துப் பேர் கையை உயர்த்தினோம்.
லானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவருடைய மச்சினன் வெல்டர் என்று
கார் நிறுத்துமிடத்தில்தான் தெரிந்தது.

அறுபத்து நான்கு லட்சம் டாலர்
என்று எழுத்தர் வாசித்தபோது
அன்செல்மோ தன் தொப்பியை
இடக்கையால் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.
தொகை அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

எதிர் மேசையின் ஓரத்தில் கம்பெனி ஆள்,
சாம்பல் நிறக் கோட்டு,
கைபேசியில் எதையோ வகுத்தார்.
வக்கீலிடம் காட்டினார்.
வக்கீல் பேனாவை மூடினார்.

ஊசி இறங்கும்போது
எவ்வளவு பெரிய மாட்டுக்கும்
கழுத்துத் தோல் ஒருமுறை சிலிர்க்கும்.
அந்த ஆளின் காலருக்கு மேலே
ஒரு விரற்கடைச் சதை தெரிந்தது.
நீதிபதி நன்றி சொல்லி அனுப்பும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.